தும்புத்தடி வண்டி இல்லாத மலை

பிரான்ஸ் நாட்டின் வரைபடம் ஒன்று என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த அச்சு இயந்திரத்திலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கிறது. அதை ஏந்துவதற்கு இரண்டு கைகளையும் நீட்டியபடி எங்கள் சூப்பர்வைசர் அண்ணை நிற்கிறார். தலையில் சமையலறை வலைத்தொப்பி, காலில் நனைந்த ரப்பர் சப்பாத்து, முகத்தில் பிள்ளைப்பேற்று அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனின் பதற்றம். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதைப் பார்த்துச் சிரித்தேன் என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தபோது எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சி இன்னும் முழுதாகத் தீரவில்லை. தீருமென்றும் நினைக்கவில்லை.

மொன்றியலில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் அப்போது இருவரும் வேலை செய்தோம். அவர் தட்டுகள் அடுக்கும் பகுதிக்குச் சூப்பர்வைசர். நான் அலுவலகத்தில் வேலைநேரப் பட்டியலும் விடுமுறைப் பட்டியலும் போடுகிறவள். பிரான்சில் யூலை மாதத்தில் மூன்று வாரம் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கும். நாடு முழுவதையும் சுற்றி, சமவெளியில் தொடங்கி, அல்ப்ஸ் மலையும் பிரனீஸ் மலையும் ஏறி இறங்கி, தலைநகரை நோக்கி ஓடுகிற பந்தயம். எந்தெந்த ஊர்களால் போகும், எந்தெந்த மலைகளில் ஏறும் என்பது ஒவ்வொரு ஆண்டும் மாறும். அடுத்த ஆண்டுக்கான பாதையை இலையுதிர்காலத்தில் அறிவித்த மறுநாள் காலையில் அண்ணை என் மேசையில் நிற்பார். நான் வேலைக்கு வந்து பத்து வருடத்தில் அவர் என்னிடம் தனக்கென்று கேட்ட ஒரே உதவி அந்த ஒரு தாள்தான்.

மனுசன் சைக்கிள் ஓடி நான் கண்டதில்லை. பனிக்காலம் ஆறு மாதமும் பஸ், கோடைகாலம் ஆறு மாதமும் அதே பஸ். "அண்ணை, நீங்களும் பந்தயத்துக்குப் பேர் குடுத்திட்டீங்களோ?" என்று நான் பகிடி விடுவேன். அவர் சிரித்துக்கொண்டே தாளை மடிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார். என் பகிடியில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு. எங்கள் இடத்தில் வேலைக்கு முந்தி வந்தவருக்குத்தான் விடுமுறையில் முதல் தெரிவு. அவர் எல்லோருக்கும் முந்தியவர். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளையோடு எங்கேயாவது போகலாம் என்று நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும் அந்த யூலை மூன்று கிழமையையும் அவர் தை மாதமே கையெழுத்துப் போட்டு எடுத்துவிடுவார். எடுத்துவிட்டு எங்கே போவார்? எங்கும் போகமாட்டார். பார்க் எக்ஸ்டென்ஷனில் தன் இரண்டாம் மாடி வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். இதைக் கேட்டு நான் வீட்டில் அவரைத் திட்டாத திட்டில்லை.

மற்றபடி திட்டுவதற்கு இடம் வைக்காத மனிதர். வேலை முடிந்ததும் நாங்கள் முண்டியடித்துப் பஸ்ஸில் ஏறுவோம். அவர் கடைசி ஆளும் ஏறும்வரை கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். யாராவது சப்பாத்து மாற்றப் பிந்தினால், சாரதி எரிச்சலில் என்ன சொன்னாலும், ஒரு காலைப் பஸ்ஸின் படியிலும் மற்றக் காலை நிலத்திலும் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். அவருடைய பங்குக் கோயிலிலும் அவருக்கு நல்ல பெயர். அவர் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கர், நான் திருகோணமலைச் சைவம், ஆனாலும் அந்தப் பெயர் எங்கள் கட்டடம் வரை வந்திருந்தது. அதற்குக் காரணம் அவருடைய மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அக்காவின் ஒரே தம்பி வெளிநாடு வரும் வழியில் காணாமல் போனவன். அண்ணையோடு ஒன்றாக ஊரிலிருந்து புறப்பட்டவன். இத்தாலியில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் இருவரையும் வேறு வேறு வான் வண்டியில் ஏற்றிவிட்டானாம், அதன் பிறகு அவன் எங்கே என்று தெரியாதாம். அண்ணை கனடாவுக்கு வந்து சேர்ந்து, காலூன்றி, அந்த வீட்டுக்கு ஆண் துணை இல்லையென்று அக்காவைச் சீதனம் எதுவும் வாங்காமல் கட்டினார். "ஆயிரத்தில ஒருத்தன்" என்று பங்கில் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முந்திய கோடையில் விடுமுறையைச் சீட்டுக் குலுக்கி எடுக்கும் முறை வந்தது. யூலை மாதம் எனக்கும் விழுந்தது. தலைகால் புரியாத சந்தோசத்தில் நான் இருக்க, அண்ணை வந்து ஒரு கேள்வி கேட்டார். பந்தயம் அல்ப்ஸ் மலைக்குள் ஏறும் நாட்களில் காலையில் ஒரு மூன்று மணித்தியாலம் வீட்டுக்கு வந்து, தொலைக்காட்சியில் என்ன சொல்கிறார்கள் என்று தனக்குச் சொல்ல முடியுமா? அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு சமையலறையோடு நின்றுவிட்டது. கத்தி, தட்டு, கெதியாய், நன்றி. நான் இரவுப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பிரெஞ்சில் கடிதம் எழுதுமளவுக்குத் தேறியவள். அவர்கள் வீடு எங்கள் தெருவில்தான். பத்து வருடமாகத் திட்டியதற்குப் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

முதல்நாள் போனபோது அவர் பந்தயம் பார்க்கிற விதமே எனக்குப் பிடிபடவில்லை. யார் முதலாவது, யார் மஞ்சள் சட்டை போட்டிருக்கிறான் என்பதில் அவருக்கு அக்கறையில்லை. மலைகளைப் பற்றிக் கரைத்துக் குடித்திருந்தார். மலைகளுக்கு நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று வகை இருக்கிறதாம். எண் குறையக் குறைய ஏற்றம் கொடுமையாம். ஒன்றுக்கும் மேலே, வகைக்குள்ளேயே அடங்காத மலை என்று ஒரு சாதி இருக்கிறதாம். ஆனால் அவர் கண் முழுக்கப் பின்னுக்குத்தான். ஏற்றத்தில் களைத்துப் பிந்தியவர்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, ஒருவரை ஒருவர் விடாமல், நேர எல்லைக்குள் போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஏறுவார்களாம். அவர்களுக்கும் பின்னால், எல்லோருக்கும் கடைசியாக, ஒரு வண்டி வருமாம். இனி முடியாது என்று இறங்கியவனை ஏற்றிக்கொள்ளும் வண்டி. பிரெஞ்சில் அதற்குத் துடைப்ப வண்டி என்று பொருள்படும் பெயர். நான் சொன்னதும், "அதைத்தான் தங்கச்சி நான் தும்புத்தடி வண்டி எண்டுறனான்" என்றார். "ஒருத்தனையும் மலையில விட்டிட்டு வரமாட்டாங்கள்." தொலைக்காட்சி எப்போதும் முன்னால் போகிறவர்களையே காட்டிக்கொண்டிருந்தது. கடைசி ஆளைக் காட்டுகிறார்கள் இல்லையென்று அவர் திரையோடு கோபித்துக்கொண்டார்.

என்னிடம் ஒரு நிபந்தனை போட்டார். ஹெலிகொப்டரிலிருந்து எடுக்கும் காட்சிகளில் வழியில் தெரியும் கோட்டை, ஏரி, கோயில் எல்லாவற்றையும் பற்றி அறிவிப்பாளர்கள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கோட்டையும் ஏரியும் வேண்டாம், கோயில் என்று சொன்னால் மட்டும் உடனே சொல்ல வேண்டும். எந்தக் கோயிலைத் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். அக்கா அப்போது வீட்டில் இல்லை. அவருக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் காப்பகத்தில் சமையல் வேலை, வார நாட்களில் மத்தியானம்தான் திரும்புவார். அண்ணை கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்காமலே, சொல்லத் தொடங்கினார்.

வேறு வேறு வான் என்பது பொய். இருவரும் ஒரே வானில்தான் வந்திருக்கிறார்கள். ஒன்பது பேர். இத்தாலி எல்லையைத் தாண்டிப் பிரான்சுக்குள் வந்தாயிற்று, இனிப் பெருந்தெருவில் பொலிஸ் சோதனை இருக்கும், இந்த மலையை நடந்து ஏறி மறுபக்கம் இறங்கினால் இன்னொரு வான் நிற்கும் என்று ஒரு காலையில் இறக்கிவிட்டார்கள். கார்த்திகை மாதம். பனி தூறத் தொடங்கியிருந்தது. முன்னால் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. தார் றோட்டில் ஆளுயரத்துக்கு வெள்ளை எழுத்துகள் தீட்டியிருந்தன. ஏதோ பெயர்கள். அவற்றின் மேல் மிதித்து மிதித்து ஏறினார்களாம். என்ன மலை, என்ன ஊர் என்று கேட்க வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு அவன் மொழி தெரியாது. ஏழெட்டு வருடம் கழித்து மொன்றியலில் ஒரு கடையில் பால் வாங்கிக்கொண்டு நின்றபோது, அங்கிருந்த தொலைக்காட்சியில் சைக்கிள்காரர் அப்படி எழுத்து எழுதிய மலை றோட்டில் ஏறுவதைக் கண்டிருக்கிறார். பந்தயக்காரரின் பெயர்களை ரசிகர்கள் றோட்டில் எழுதுவார்கள் என்று அன்றுதான் தெரிந்ததாம். பால் கைதவறிக் கீழே விழுந்து கொட்டியதாம். தான் மிதித்து வந்த மலை இந்தப் பந்தயம் போகிற மலைகளில் ஒன்று. அன்றிலிருந்து ஒவ்வொரு யூலையும் அவர் பார்ப்பது பந்தயத்தை அல்ல. ஒரு வளைவை. வெள்ளையடித்த சின்ன மாதா கோயில் ஒன்றும், அதற்குப் பக்கத்தில் கூரை போன கல்வீடு ஒன்றும் உள்ள வளைவு.

அந்த வளைவில் தம்பிக்காரன் இருந்துவிட்டான். இடது கால் வீங்கிச் சப்பாத்துக்குள் அடங்கவில்லை. அண்ணை தன் சட்டையைக் கிழித்துக் காலில் சுற்றிக் கட்டிவிட்டார். வழிகாட்டி முன்னால் நின்று கத்துகிறான். மற்றவர்கள் மூடுபனிக்குள் மறைந்துகொண்டிருக்கிறார்கள். "அப்ப வாறன் அண்ணை எண்டான். நான் ஓம் எண்டன். எண்டிட்டு நடந்தன்." அடுத்த வளைவில் திரும்பிப் பார்த்தாராம். வெள்ளையாக இருந்ததாம். நிற்கவில்லை. மலை உச்சியிலும் நிற்கவில்லை, வான் நின்ற இடத்திலும் நிற்கச் சொல்லிக் கேட்கவில்லை. நின்றால் தன்னையும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. திரையில் யாரோ ஒருவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏறினான், அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயிரத்தில் ஒருத்தன் என்று நான் சொன்ன மனிதர் இவர்தான். பஸ் படியில் காலை வைத்துக்கொண்டு நின்றவரும் இவர்தான். அக்காவோடு ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, அவருடைய தம்பிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்திருக்கிறார். அந்தப் பூசைகூட ஆன்ம சாந்திக்கு அல்ல. அவன் எங்கோ சிறையில் இருக்கிறான், திரும்பி வருவான் என்ற நம்பிக்கையில் அக்கா கொடுக்கிற பூசை. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆனால் அவரை அரித்தது நான் நினைத்த இடமல்ல. ஒரு சொல். எங்கள் ஆட்கள் புறப்படும்போது "போறன்" என்று சொல்லமாட்டார்கள், அபசகுனம். "அப்ப வாறன்" என்பார்கள். அதற்குப் பொருள், போகிறேன். பின்னால் வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கும் அதே "வாறன்" தான். அவன் சொன்னது எந்த வாறன்? விடைபெற்றுக்கொண்டான் என்றால், தன்னால் முடியாதென்று தீர்மானித்துவிட்டான். கீழே இறங்கியிருப்பான். ஏறத் தொடங்கிய இடத்தில், அடிவாரத்தில், விளக்குகள் தெரிந்தன, ஊர் இருந்தது, யாரிடமாவது பிடிபட்டிருப்பான், உயிரோடிருப்பான். பின்னால் வாறன் என்றால்? அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. முப்பது வருடமாக அந்த ஒரு சொல்லைக் காதுக்குள் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வருடம் இப்படிக் கேட்குமாம், மறு வருடம் அப்படிக் கேட்குமாம். அந்த வளைவைக் கண்டால், அங்கிருந்து கீழே ஊர் எவ்வளவு தூரம் என்று பார்த்தால், ஒரு முடிவுக்கு வரலாம் என்று நினைத்தார்.

இணையத்தில் தேடித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், வேகமாகவே. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தேடுவது வேறு, கண்டுபிடிப்பது வேறு. அவருக்குத் தேடிக்கொண்டிருந்தால் போதும். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு வாய் மூளைக்கு முன்னால் ஓடும். அவர் இருந்த இருப்பைப் பார்க்க முடியாமல், "அது விடைபெறுற வாறன்தான் அண்ணை" என்றேன். "பின்னால வாறவன் அப்ப எண்டு ஏன் சொல்லுறான்?" அவர் முகம் ஒரு கணம் பிரகாசித்தது. அந்த வெளிச்சத்தில் மயங்கி நான் இன்னொன்றையும் சொன்னேன். "சந்தேகமெண்டால் அக்காட்டைக் கேளுங்கோவன், அவையின்ர வீட்டில என்ன சொல்லி வெளிக்கிடுவினம் எண்டு. கதையோட கதையாக் கேளுங்கோ." என் வாழ்நாளில் நான் கொடுத்த ஆலோசனைகளில் இதைப்போல ஒன்று இல்லை. இருக்கவும் வேண்டாம்.

மலைக் கட்டங்களின் மூன்றாம் நாள் சனிக்கிழமை. அக்கா வீட்டில் நின்றார். எனக்குத் தேநீரும் மீன் ரோலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவருக்கு விசர், உனக்குமோ பிள்ளை?" என்று சிரித்தார். அன்றைய பாதையில் மூன்று மலைகள். மூன்றாவது மலையில் ஏறிப் பாதித் தூரத்தில், அறிவிப்பாளர் வழிப்போக்கருக்காக மேய்ப்பர்கள் கட்டிய சிற்றாலயம் ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் "கோயில் எண்டுறாங்கள்" என்று சொல்லி முடிக்கவில்லை, அண்ணை எழுந்து நின்றுவிட்டார். வெள்ளைச் சுவர். பக்கத்தில் கூரையில்லாத கல்வீடு. றோட்டில் வெள்ளை எழுத்துகள். நல்ல வெயில், பச்சைப் புல்லு, கொடி ஆட்டுகிற சனம். ஹெலிகொப்டர் அந்த வளைவை ஒரு சுற்றுச் சுற்றியது. கீழே பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது. ஊர் இருந்தது. பிறகு கமரா முன்னால் போகிறவனிடம் திரும்பிவிட்டது. எல்லாம் பத்து செக்கனுக்குள் முடிந்தது.

அண்ணை அப்படியே நின்றார். பின்பு, நான் சொல்லிக்கொடுத்தபடியே, கதையோடு கதையாகக் கேட்டார். குரல் கதையோடு கதையாக இல்லை. "உன்ர தம்பி வீட்டால வெளிக்கிடேக்க என்ன சொல்லிப்போட்டு வெளிக்கிடுவான்?"

அக்காவுக்குச் சந்தோசம். தம்பியைப் பற்றி அவர் வாய் திறந்து கேட்டதே இல்லையாம். "போட்டு வாறன் எண்டுதான்," என்றார். "வெறுமனே வாறன் எண்டு வெளிக்கிட்டால் அம்மா படலையில வச்சுத் திருப்பிக் கூப்பிடுவா. வீட்டுக்கை நிண்டுகொண்டு எங்கயிருந்தடா வாறாய் எண்டு கேப்பா. அவனுக்கு அது பழகிப் போச்சு. வேற இடத்திலயும் போட்டு வாறன்தான்." சொல்லிவிட்டுத் தாயின் குரலை நினைத்துத் தனியாகச் சிரித்தார். அவன் விடைபெறும் சொல் போய்விட்டு வருகிறேன் என்பதுதான் என்றால், மலையில் சொன்ன வெறும் வாறன் விடைபெறுகிற வாறன் அல்ல. அண்ணையைப் பார்க்கப் பயந்து தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

"எனக்கு வாறன் எண்டுதான் சொன்னவன்," என்றார் அண்ணை.

அதன் பிறகு நடந்ததை முழுவதும் எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். அக்கா இடையில் மறிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, யாரோ வேறு ஒருவரின் வீட்டுக் கதையைக் கேட்பதுபோலக் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் நிண்டனீங்களே?" அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். "நிண்டனான்," என்றார். "மேல, மலை உச்சியில, கனநேரம் நிண்டனான். அவன் வரேல்லை." அது பொய் என்பது அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பொய்யைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அக்காவுக்கு ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இவர் நின்றார், அவன் வரவில்லை, ஆகவே அவன் கீழே இறங்கியிருப்பான். அவன் என்ன சொல்லி வெளிக்கிடுவான் என்று தானே சொன்னதை அவர் அந்த நிமிடத்தில் மறந்துவிட்டார், அல்லது மறக்க விரும்பினார்.

அந்தக் கிழமையே அக்கா என்னிடம் வந்தார். திரையில் மலையின் பெயர் போட்டிருந்தார்களே, அந்த ஊர்ச் சபைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். இத்தனையாம் ஆண்டு கார்த்திகையில், மாதா கோயில் வளைவிலிருந்து ஊருக்குள் இறங்கிவந்த ஒரு தமிழ்ப் பொடியனைப் பற்றி ஏதாவது பதிவு இருக்கிறதா? எழுதினேன். இரண்டு மாதம் பதில் இல்லை. மூன்றாம் மாதம் ஒரு மாலை அக்கா தொலைபேசி எடுத்து, கடிதம் வந்திருக்கு, இன்னும் உடைக்கவில்லை, வந்து வாசித்துச் சொல் என்றார்.

அவர்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்து உடைத்தேன். இருவரும் எதிரில் இருந்தார்கள். முதலில் ஒருமுறை மனதுக்குள் வாசித்திருக்க வேண்டும். வாசிக்கவில்லை. வசனம் வசனமாக வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். எழுதிய பெண் நல்ல மனம் உள்ளவர் போலிருந்தது. பழைய பதிவேடுகளைத் தேடியதாக எழுதியிருந்தார். அடுத்த வைகாசியில் றோட்டிலிருந்து பனி அகற்றும்போது பெயர் தெரியாத ஓர் இளைஞனின் உடலைக் கண்டெடுத்தார்கள். இருபது வயது மதிக்கலாம். சட்டைப்பையில் செபமாலை. இடது காலில் சப்பாத்து இல்லை, துணி சுற்றியிருந்தது. ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்திருக்கிறோம், இலக்கம் இட்ட சிலுவை இருக்கிறது. நீங்கள் மாதா கோயில் வளைவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், ஆனால் உடல் கிடைத்தது அங்கே அல்ல. அங்கிருந்து நாலு கிலோமீற்றர் மேலே, மலை உச்சியில், பெயர்ப்பலகைக்குக் கீழே இருந்த கல்லில் சாய்ந்து இருந்தபடி.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. ஒரே ஒரு சொல்லைக் கீழே என்று மாற்றியிருந்தால் போதும். நினைக்கவில்லை. நினைக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"மேலயோ?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா. உச்சியில."

அவர் அழவில்லை. நான் அழுதேன், அவர் அழவில்லை. விரலால் மேசை விரிப்பின் பூவொன்றைத் தடவிக்கொண்டு, "அப்ப வந்திருக்கிறான்," என்றார். "அந்தக் காலோட வந்திருக்கிறான்." பிறகு, கணவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, மிகவும் சாதாரணமான குரலில் சொன்னார்: "இவர் மேல கனநேரம் நிண்டனான் எண்டவர்."

நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்பது நினைவில்லை.

இப்போதும் அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். அண்ணை ஓய்வு எடுத்துவிட்டார். ரொறன்ரோவில் இருக்கும் அவர்களுடைய மகனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அக்கா சமைக்கிறார், அவருக்கும் போட்டுக் கொடுக்கிறார், கோயிலுக்கு இருவரும் ஒன்றாகவே போகிறார்கள். சண்டை என்று ஒன்றை யாரும் கேட்டதில்லை. பங்கில் அவரை இன்னும் ஆயிரத்தில் ஒருத்தன் என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது நான் அந்த இடத்திலிருந்து எழுந்து போய்விடுகிறேன்.

போன யூலையில் பந்தயம் மலைக்குள் ஏறிய நாளன்று அக்கா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். போனேன். தொலைக்காட்சியைப் போட்டிருந்தது அவர்தான். சோபாவில் அவர் ஒரு நுனியில், அண்ணை மறு நுனியில். அன்றைய கட்டம் ஒரு மலை உச்சியில் முடிகிறது. பந்தயக்காரர் வர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. கமரா உச்சியில் காத்திருக்கும் சனத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கூடாரம், மடக்குக் கதிரை, போர்வை, தகப்பனின் தோளில் நித்திரையான பிள்ளை. அறிவிப்பாளர் என்ன சொல்கிறான் என்று அக்கா கேட்டார். இடம் பிடிப்பதற்காக இவர்கள் முந்தாநாளே வந்துவிட்டார்கள், இரண்டு இரவாக மழைக்குள் நிற்கிறார்கள் என்று சொல்கிறான் என்றேன்.

"ஆரெண்டே தெரியாத ஆக்களுக்காகப் பிள்ளை," என்றார் அக்கா. "இரண்டு நாள் நிக்குதுகள் பார்."

அண்ணை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.